மொய் எழுத உட்கார வையுங்கள்

கேள்வி: பத்தாம் வகுப்பில் என் மகன்தான் முதல் மாணவன். ஆனால் கல்யாண வீட்டுக்குக் கூட்டிப் போனால் யாரிடமும் பேசாமல் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறான். ‘மூளை ஜாஸ்தி இருந்தா மனுசங்களோட பழக வராது’ என்கிறார் என் அண்ணன். நிஜமா?
– ஒரு தாய், உடுமலைப்பேட்டை

பதில்: கல்யாண வீட்டிலா? அங்கே யாரம்மா பேசுகிறார்கள்? சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெசிபல். மண்டபத்தின் இரைச்சல் 85-ஐத் தாண்டிவிட்டால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருப்பவரிடமும் கத்தித்தான் ஆகவேண்டும். மெல்லிசைக் குழுவின் ஆளுயர ஸ்பீக்கர் அதைச் சுலபமாகத் தாண்டும். பெரியப்பா ‘சாப்பிட்டியா’ என்கிறார். பையன் ‘பத்தாவது’ என்கிறான். ‘நல்லா சாப்பிடு’ என்று முதுகில் தட்டிவிட்டுப் போகிறார். இதைத்தான் நாம் ‘நல்லாப் பழகுறான்’ என்கிறோம். மெல்லிசைக் குழுக்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதும்போதெல்லாம் வசவுக் கடிதங்கள் வருகின்றன. வரட்டும். ஸ்பீக்கரைப் பந்தியைப் பார்த்துத் திருப்பி வைக்காதீர்கள் என்று சொல்வதை நான் நிறுத்தப்போவதில்லை.

இனி உங்கள் அண்ணன் விஷயம். 1921-ல் கலிஃபோர்னியாவில் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர், ஐ.க்யூ. (அறிவுத்திறன் எண்; சராசரி 100) 135-க்கு மேல் உள்ள ஏறத்தாழ 1,500 பிள்ளைகளைப் பொறுக்கி, அவர்கள் வளர்ந்து பெரியவர்கள் ஆகும்வரை பின்தொடர்ந்தார். நோஞ்சான்களும் ஊமைக்கோட்டான்களும் அதிகம் இருப்பார்கள் என்பது அன்றைய பேச்சு. அப்படி இல்லை. உடல்நலத்திலும் பழக்கவழக்கத்திலும் சராசரிக்குக் குறையாமல்தான் இருந்தார்கள். ஓர் ஓட்டையையும் சொல்லிவிட வேண்டும்: முதல் பட்டியலைக் கொடுத்தவர்கள் ஆசிரியர்கள். வாய் திறக்காத பிள்ளையை எந்த வாத்தியார் ஞாபகம் வைத்துக்கொண்டு பெயர் கொடுப்பார்?

நியூயார்க்கில் லீட்டா ஹாலிங்வொர்த் என்ற உளவியலாளர் உச்சாணிக் கொம்பைப் பார்த்தார். ஐ.க்யூ. 180-க்கு மேல். அங்கேதான் சிக்கல். அன்றைய கணக்குப்படி 180 உள்ள எட்டு வயதுப் பிள்ளைக்கு மன வயது, அதாவது அறிவின் வயது, 14-க்கும் மேல். அது விதிமுறைகள் நிறைந்த ஒரு விளையாட்டைச் சொல்லித்தரப் பார்க்கும். மற்ற எட்டு வயதுகள் ஐந்து நிமிடத்தில் ஓடிவிடும். ஜோடி கிடைக்காத பிள்ளைக்குப் பழகத் தெரியாது என்று பெயர் வைத்துவிடுகிறோம். 125 முதல் 155 வரை உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்றார் அவர்.

அப்படியானால் அலுவலகத்தில் கெட்டிக்காரர்கள் எல்லாம் சிடுமூஞ்சிகளாகத் தெரிவது ஏன்? ஆள் எடுத்த விதம் அப்படி. அறிவுக்கு 10, பேச்சுக்கு 10, மொத்தம் 12 வந்தால் வேலை என்று வையுங்கள். அறிவில் 10 வாங்கியவன் பேச்சில் 2 வாங்கினாலும் உள்ளே வந்துவிடுவான். அறிவில் 4 வாங்கியவனுக்குப் பேச்சில் 8 வேண்டும். இரண்டிலும் 3 வாங்கியவன் வாசலோடு திரும்பிவிடுவதால் அவன் நம் கண்ணில் படுவதே இல்லை. அறிவு கூடினால் பேச்சு குறையும் என்று ஊரில் இல்லாத ஒரு தொடர்பு அலுவலகத்துக்குள் மட்டும் முளைத்துவிடும். ஆஸ்பத்திரிக் கணக்குகளில் இந்த மாயத்தை 1946-ல் பிரித்துக் காட்டியவர் ஜோசப் பெர்க்சன் என்ற புள்ளியியலாளர்.

நியூட்டனை உதாரணம் காட்டி யாராவது வருவார்கள். தனிமை விரும்பிதான். அதே ஆள் 1696-ல் லண்டன் நாணயச்சாலைக்குப் போனதும் கள்ள நாணயக்காரர்களையும் உளவாளிகளையும் நேரில் விசாரித்து, வில்லியம் சலோனர் என்ற மகா மோசடிக்காரனை 1699-ல் தூக்குமேடை வரை கொண்டுபோனார். பேச விஷயம் இருந்தது, பேசினார்.

உங்கள் மகனுக்கும் ஒரு வேலை கொடுங்கள். அடுத்த கல்யாணத்தில் மொய் எழுத உட்கார வையுங்கள். சும்மா நின்று பேசச் சொன்னால் முதல் வாக்கியம் கிடைக்காமல் தவிக்கிறவனுக்கு, இங்கே முதல் வாக்கியம் தயாராக இருக்கிறது: ‘ஊர்? இனிஷியல்? பேர்?’ ஆளுக்கு அரை நிமிடம்தான்; அதற்குள் முகம் பார்த்து ஒரு வார்த்தை கேட்டு எழுதியாக வேண்டும். எழுத ஒருவர், பணம் வாங்கி எண்ண ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். ஒருவரே இரண்டையும் செய்தால் வரிசை நின்றுவிடும். ஊரை முதலில் எழுதச் சொல்லுங்கள். வெறும் ‘முருகேசன் 500’ என்று எழுதினால், திருப்பிச் செய்கிற நாளில் நான்கு முருகேசன்கள் வந்து நிற்பார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை போட்டு அங்கேயே பணத்தோடு சரிபார்க்க வேண்டும்; கடைசியில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் விடிந்துவிடும். தொகை குறைந்தால் பையனைத் திட்டாதீர்கள். ‘எழுதிக்க தம்பி, வந்து தர்றேன்’ என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனவர் யார் என்று முதலில் தேடுங்கள்.