கறள் பிடிச்ச குட்டி இஞ்சினும் தென்னந்தோட்டத்துத் தண்டவாளமும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, உப்புவெளிப் பக்கம் கொஞ்சப்பேர் சேர்ந்து சொந்தக் கையால குட்டி ரயில் ஒண்டு போடப்போறாங்க எண்டு சின்னக் குறிப்பு ஒண்டு போட்டிருந்தம், பிள்ளையளும் பெரியாக்களும் மேல ஏறி இருந்து ஓடுற ரயில். அதுக்குப் பிறகு வந்த கடிதங்கள்ல முக்கால்வாசி அதைப் பற்றித்தான், அதால இந்த முறை பக்கம் முழுக்க அதுக்கே குடுத்தாச்சு.

கேள்வி: அந்தக் குறிப்பில வந்த ஆக்கள் நாங்கதான். பாதிப்பேர் பென்சன் எடுத்தவங்க, மிச்சம் வேலைக்குப் போற பெடியள். எங்கட ஆள் ஒருத்தரின்ட மாமா, பட்டறையில வேலை செய்தவர், கையால செய்த ஏழேகால் அங்குல கேஜ் (ரெண்டு தண்டவாளத்துக்கும் இடையில உள்ள அகலம்) நீராவி இஞ்சின் ஒண்டு கொட்டிலுக்க தறப்பாளால மூடிக் கனகாலமாக் கிடக்கு. மாமா இப்ப இல்ல. கழட்டித் துடைச்சு பெயின்ற் அடிக்கத் தொடங்கலாமா, இல்லாட்டி தோட்டத்தில தண்டவாளத்தை முதல்ல போடவா?
வாசகர், உப்புவெளி

பதில்: தம்பி, பெயின்ற் டின்னை இப்போதைக்குத் திறக்காதீங்க. தண்டவாளம்தான் முதல். ஏனெண்டா இஞ்சின் திருத்துற வேலை எப்ப முடியும் எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது, பொயிலருக்குள்ளால நெருப்புச் சூடு போற ரியூப் ஒண்டைக் கழட்டப்போய் பத்து ரியூப் மாத்துற வேலையா நிக்கும், அதுவரைக்கும் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து கறள் சுரண்டிட்டுப் போற பெடியளுக்கு மனம் விட்டுப்போயிரும். ஒரு அம்பது மீற்றர் பாதை போட்டு, பற்றரியும் மோட்டரும் வைச்ச சின்ன இஞ்சின் ஒண்டை வெல்டிங் கடையில அடிச்சு ஓடவிடுங்க, அதில ஊர்ப் பிள்ளையள் ஏறி இருந்து சிரிக்கிறதைக் கண்டாத்தான் ஆக்களும் சேருவாங்க காசும் சேரும். நீராவி இஞ்சின் அதுபாட்டுக்கு ஆறுதலா நடக்கட்டும்.

இனி மாமாவின்ட இஞ்சின். கழட்ட முதல் போன்ல படம் எடுங்க, எல்லாப் பக்கத்தாலயும், குழாய் எதோட எது போகுது எண்டது விளங்கிற மாதிரி. அவர் கையால செய்தபடியா புத்தகமும் இராது வரைபடமும் இராது, அவருக்கு மட்டும் தெரிஞ்ச காரியங்கள் எல்லாம் அந்த நட்டு போல்ட்டிலதான் இருக்கு. கழட்டிற ஒவ்வொண்டையும் சின்னப் பையில போட்டு எந்த இடத்தில இருந்து வந்தது எண்டு எழுதிக் கட்டுங்க. இறுகிப்போன நட்டுகளை நெம்பி முறிக்க வேணாம், ஊடுருவுற எண்ணெய் விட்டு ஒரு கிழமை விடுங்க, பிறகும் அசையாட்டி மெல்லமாச் சூடு காட்டுங்க.

அடுத்தது பொயிலர், தண்ணி கொதிச்சு நீராவி வாற பாத்திரம். ஒரு காந்தத்தை எடுத்து பொயிலர் உடம்பில வைச்சுப் பாருங்க, ஒட்டினா இரும்பு, ஒட்டாட்டி அனேகமாச் செம்பு. செம்பு எண்டா கறள் பயம் இல்ல, பற்றாசு வைச்ச மூட்டுகளைத்தான் பாக்க வேணும். இரும்பு எண்டா தகடு மெலிஞ்சிருக்கும், அதுவும் நெருப்புப் பெட்டியைச் சுத்தி அடியில, சேறு படியிற இடத்தில. வெளியால பாத்தா வடிவாத்தான் இருக்கும். உள்ளுக்க லைற் விட்டுப் பாக்க வேணும், தகட்டின்ட தடிப்பை அளக்கிற மெசின் வைச்சு அளக்கவும் வேணும். பொயிலர் சரி எண்டு தெரிய முதல் மிச்ச இஞ்சினுக்கு பெரிய காசு ஒண்டும் இறைக்காதீங்க, ஏனெண்டா பொயிலர் போயிட்டா புதுசு செய்யிற செலவு மிச்சம் எல்லாத்தையும் விழுங்கிடும்.

கேள்வி: பொயிலரை கொம்பிரஸர் காத்து அடிச்சு டெஸ்ட் பண்ணலாம், ஓட்டை இருந்தா சவுக்காரத் தண்ணி பூசினா நுரை வரும் எண்டு கராஜ் நடத்துற அண்ணன் ஒருத்தர் சொல்றார். சரியா?
வாசகர், பாலையூற்று

பதில்: வேணாம். இதை எத்தினை தரம் எண்டாலும் சொல்லுவன், பொயிலருக்குக் காத்து அடிச்சு டெஸ்ட் பண்ணவே கூடாது. டயர் ரியூபுக்கு அந்த அண்ணன் சொல்றது சரி, இது வேற. காத்தை அமுக்கினா அது சுருங்கி உள்ளுக்க சக்தியைச் சேத்து வைச்சிருக்கும், தகடு ஒரு இடத்தில விட்டுது எண்டா அத்தனையும் ஒரே நொடியில வெளிய வரும், பக்கத்தில நிக்கிற ஆளுக்கு ஓட நேரம் இராது. தண்ணி கிட்டத்தட்டச் சுருங்காது, அதால தண்ணி நிரப்பி அமுக்கம் குடுக்கேக்க ஏதும் வெடிச்சாலும் கொஞ்சம் தண்ணி பீச்சும், அமுக்கம் காட்டுற மீற்றரின்ட ஊசி பட்டெண்டு கீழ இறங்கும், அவ்வளவுதான்.

செய்யிற முறை இதுதான். எல்லா வாயும் அடைச்சு, ஆக மேல இருக்கிற வாயால காத்து முழுக்கப் போகும்வரை பச்சைத் தண்ணி நிரப்பி, கைப்பம்பால மெல்ல மெல்ல ஏத்த வேணும். பழைய பொயிலரை ஓடுற அமுக்கத்தின்ட ஒண்டரை மடங்குக்குக் கொண்டுபோறதுதான் வழமை. சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல்ல ஓடுற இஞ்சின் எண்டா 150. அதில ஒரு அரை மணித்தியாலம் பிடிச்சு வைச்சு, ஊசி இறங்குதா, தகடு எங்கயும் வீங்குதா, மூட்டு கசியுதா எண்டு பாக்கிறது. அதுக்குப் பிறகு நெருப்புப் போட்டு, சேஃப்டி வால்வு குறிச்ச அமுக்கத்தில திறக்குதா, திறந்த பிறகும் நெருப்பு எரிய எரிய அமுக்கம் ஏறாமப் பிடிக்குதா எண்டு பாக்க வேணும். இது ரெண்டும் பொயிலர் தெரிஞ்ச இஞ்சினியர் ஒருத்தர் பக்கத்தில நிக்க, அவர் பாத்து எழுதித் தந்தாத்தான் கணக்கு. வெல்டிங் கடையில ஒட்டுப்போட்டு ஓடலாம் எண்டு ஆரும் சொன்னா அந்த ஆளோட இந்த விசயம் கதைக்கிறதை விடுங்க, பின்னால பெட்டியில இருக்கப்போறது பிள்ளையள்.

காத்துக்கும் ஒரு இடம் இருக்கு. சிலிண்டர், பிஸ்டன், வால்வு எல்லாம் பூட்டின பிறகு பொயிலரைத் தொடாம சிலிண்டருக்கு மட்டும் 30, 40 இறாத்தல் காத்துக் குடுத்து, சில்லை நிலத்தில படாமத் தூக்கி வைச்சு ஓடவிட்டா, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிச் 'சஃப் சஃப்' எண்டு கேக்குதா எண்டு தெரியும். கனகாலத்துக்குப் பிறகு ஒரு இஞ்சின் முதல்முதல் மூச்சு விடுறது அங்கதான், அண்டைக்கு எல்லாரையும் கூப்பிடுங்க.

கேள்வி: தண்டவாளத்துக்கு அடியில குறுக்க போடுற சிலிப்பர் கட்டைக்கு பனை பாவிக்கலாமா? எங்கட வளவில விழுந்த பனை ரெண்டு கிடக்கு.
வாசகர், சாம்பல்தீவு

பதில்: வைரம் பாஞ்ச பனை கூரைக்கு எவ்வளவு காலமும் நிக்கும், அங்க நனையாது. நிலத்தில பதிச்சா கதை வேற, பனையில வெளிப்பக்கம்தான் வைரம், நடுச்சோறு மெத்து, ஐப்பசி கார்த்திகை மழையில ஊறி உக்கும், கறையானும் விடாது. பழைய பிளாஸ்ரிக் உருக்கிச் செய்த கட்டை கிடைச்சா அதுதான் நல்லம், இல்லாட்டி கல்வனைஸ் பண்ணின இரும்பு. கடற்கரை மணலை மட்டும் அடியில போட்டுடாதீங்க, உப்பு இரும்பைத் திண்டிடும், மழைக்குப் பாதை ஒரு பக்கம் இறங்கும். கருங்கல் சல்லிதான் போட வேணும். பாதை ஒரு பக்கம் இறங்கி முறுகினாத்தான் வண்டி தடம்புரளும், வேகத்தால புரளுறதைவிட இதால புரளுறதுதான் இந்தச் சின்னப் பாதையள்ல கூட.

இன்னொண்டு, வெயில். 6 மீற்றர் இரும்புத் தண்டவாளம் விடியக்காலைக் குளிருக்கும் கச்சான் காத்து அடிக்கிற மத்தியான வெக்கைக்கும் இடையில 40 பாகை வித்தியாசம் வந்தா கிட்டத்தட்ட 3 மில்லிமீற்றர் நீளும், அலுமினியம் எண்டா அதின்ட ரெண்டு மடங்குக்குக் கிட்ட. மூட்டில இடைவெளி விடாமப் பூட்டினா பாதை பாம்பு மாதிரி வளைஞ்சுபோய் நிக்கும்.

கேள்வி: இந்தக் குட்டி இஞ்சின் எங்கட ஸ்டேசன் தண்டவாளத்தில ஓடுமா?
8ஆம் வகுப்பு மாணவி, உவர்மலை

பதில்: ஓடாது தங்கச்சி. எங்கட பெரிய பாதையில ரெண்டு தண்டவாளத்துக்கும் இடையில 1676 மில்லிமீற்றர், இவங்கட இஞ்சினுக்கு 184. இலங்கையில முந்தி 762 மில்லிமீற்றர் பாதையும் இருந்திச்சு, களனிவெளிப் பாதை அப்பிடித்தான் தொடங்கினது, 1990கள்ல அதைப் பெரிய பாதையா மாத்திட்டாங்க. பழைய இஞ்சின்களைக் கிட்ட நிண்டு பாக்க ஆசையெண்டா வீட்டாக்களோட கடுகண்ணாவ ரயில் மியூசியத்துக்குப் போங்க, 2014ல திறந்தது. திருகோணமலைக்கு ரயில் வந்தது 1927ல. அதே வருசம்தான் இங்கிலாந்தின்ட கென்ற் கரையோரத்தில ரொம்னி ஹைத் டிம்சேர்ச் எண்ட 15 அங்குலப் பாதையும் திறந்தாங்க, அது இண்டைக்கும் 22 கிலோமீற்றருக்குக் கிட்ட ஓடுது. உன்ட உயரத்துக்கு அந்த இஞ்சின் சரியா இருக்கும்.

கேள்வி: சம்பளம் இல்லாமச் சேர்ந்து ரயில் ஓட்டினவங்க உண்மையில எங்கயும் இருக்கிறாங்களா, இல்லாட்டி இது சும்மா ஆசையா?
வாசகர், தம்பலகாமம்

பதில்: இருக்கிறாங்க ஐயா, அதுவும் எழுவது வருசத்துக்கு மேலா. வேல்ஸ்ல தலிதின் எண்டொரு பாதை, 1865ல கற்பலகை ஏத்த தொடங்கினது, தண்டவாளத்துக்கு இடையில 686 மில்லிமீற்றர்தான். அது சாகக் கிடந்த நேரம் கொஞ்சப்பேர் 1950ல கூட்டம் கூடி, 1951ல தாங்களே ஓட்டத் தொடங்கினாங்க, தொண்டர்கள் எடுத்து நடத்தின முதல் பாதை உலகத்திலயே அதுதான். பாதை புல்லுக்க மூடிக் கிடந்தது, ஓடக்கூடிய நிலையில ஒரே ஒரு இஞ்சின், டொல்கோக் எண்டு பேர், 1866ல செய்தது.

உப்புவெளி ஆக்கள் வாசிக்க வேணும் எண்டுதான் மிச்சத்தையும் எழுதிறன். ஒரு இஞ்சினை நம்பி ஓட ஏலாது எண்டு, மூடுப்பட்டுப்போன கொரிஸ் எண்ட இன்னொரு பாதையில இருந்து அதே கேஜ் இஞ்சின் ரெண்டு வாங்கினாங்க, ஒண்டு இங்கிலாந்துக் காசில 25 பவுண். நல்ல இஞ்சின்கள்தான், ஆனா முதல் ஓடினது அடிக்கடி தடம் விட்டு இறங்குது. அளந்து பாத்தா இஞ்சின்ல பிழை இல்ல, தலிதின் பாதையையே சரியான அளவைவிட அரை அங்குலம் கிட்ட அகலமாப் போட்டிருந்திருக்கிறாங்க, அவங்கட பழைய இஞ்சின்ட சில்லு அகலம், அது தாக்குப்பிடிச்சுது, புதுசு உள்ளுக்க விழுந்திட்டுது. பிறகு பாதையைத் திரும்பப் போட்டு சில்லையும் மாத்தித்தான் சரிவந்தது. அதால இணையத்தில சில்லு வாங்கப்போற பெடியளே, அமெரிக்காவில கனபேர் ஏழரை அங்குலம் பாவிக்கிறாங்க, உங்கட ஏழேகால், ஓடர் பண்ண முதல் அளவை ரெண்டு தரம் பாருங்க.

கேள்வி: நான் ரயில்வேயில பிற்றரா இருந்து பென்சன் எடுத்தவன். முழங்கால் ஏலாது, குனிஞ்சு வேலை செய்ய மாட்டன். இந்தப் பெடியளுக்கு என்னால ஏதும் பிரயோசனம் இருக்கா?
வாசகர், சீனன்குடா

பதில்: ஐயா, அவங்களுக்கு முக்கியமாத் தேவைப்படுற ஆள் நீங்கதான். இரும்பு சல்லி எல்லாம் காசுக்கு வாங்கலாம். ரியூப்பை பொயிலர்த் தகட்டுக்க விரிச்சு இறுக்கேக்க எந்த இடத்தில நிப்பாட்ட வேணும், கூட விரிச்சா தகடு வெடிக்கும் எண்டது கைக்கு எப்பிடித் தெரியும், வெள்ளீயம் கலந்த பெயாரிங்கை எப்பிடிச் சுரண்டிப் பொருத்திறது, நீலம் பூசி ஒட்டுற இடத்தைப் பாக்கிறது, இதெல்லாம் வீடியோ பாத்து அரைவாசிதான் வரும். ஒரு கதிரை போட்டு இருங்க, சாமானை உங்கட மடிக்குக் கொண்டுவரச் சொல்லுங்க, அவங்க செய்யட்டும், நீங்க 'நிப்பாட்டு' எண்டு சொல்லுங்க. எங்கட ஊர்ல டொக்யார்ட்டிலயும் ரயில்வேயிலயும் லேத்துப் பட்டறையளிலயும் வேலை செய்த ஆக்கள் இன்னும் இருக்கிறாங்க, அவங்கட கையில இருக்கிறதை இப்ப வாங்காட்டி பிறகு வாங்க ஏலாது, எனக்கு இந்தக் குட்டி ரயில்ல ஆக விருப்பமான விசயமே அதுதான். உங்கட நம்பரை அலுவலகத்துக்கு அனுப்புங்க, அவங்களுக்குக் குடுக்கிறம்.

கேள்வி: நிலக்கரிக்கும் தண்ணிக்கும் என்ன செய்யப் போறாங்க? எங்கட பக்கக் கிணறு எல்லாம் உப்பு.
வாசகர், நிலாவெளி

பதில்: கிணத்துத் தண்ணி விடவே வேணாம், உப்பும் சுண்ணாம்பும் ரியூப்புக்கு மேல படிஞ்சு சூடு ஏறாமப்பண்ணும், தண்ணி நுரைச்சு சிலிண்டருக்க போனா அதுவும் ஆபத்து. மாரி மழையில கூரைத் தண்ணியை ராங்கில பிடிச்சு வையுங்க, சின்ன இஞ்சினுக்கு அது நல்லாப் போதும். ஓடி முடிஞ்சாலும் அப்பப்ப பொயிலரைக் கழுவி அடிச்சேறு எடுக்க வேணும். பத்த வைக்க மண்ணெண்ணையில ஊறவைச்ச சிரட்டைக்கரி நல்லா வரும், புகைக்குழாய்க்கு மேல சின்னக் கரண்ட் விசிறி ஒண்டு வைச்சு இழுக்க விட்டா நெருப்புக் கெதியாப் பிடிக்கும், நீராவி வந்த பிறகு விசிறியைக் கழட்டலாம். நிலக்கரி எரியேக்க புகை குறைஞ்சதாப் பாத்து எடுங்க, வாங்கிறதை நனையாமச் சாக்கில கட்டி வையுங்க.