தரைமீனுக்கு ஒளிவிடம்: பணம் கொடுக்கும் முன் துளையை அளந்து பாருங்கள்

கேள்வி: என்னுடைய 100 லிட்டர் தொட்டியில் 6 கோரிடோராஸும் சிறிய பிரிஸ்டில்நோஸ் பிளெக்கோ ஒன்றும் இருக்கின்றன. ஒளிந்துகொள்ள இடம் அமைக்க வேண்டும். மரக்கட்டை, கல், ரெசின் (செயற்கைப் பிசினில் வார்த்த) குகை என மூன்றும் கடையில் கிடைக்கின்றன. எதை வாங்கலாம்?

பதில்: இந்த இரண்டு மீன்களின் தேவையும் ஒன்றல்ல. கோரிடோராஸ் கூட்டமாக மணலைக் கிளறித் திரியும் மீன். அதற்கு மூடிய குகை அவசியமில்லை. மேலே நிழல், பக்கங்களில் ஓடித் தப்ப வழி, இவை இருந்தால் போதும். வளைந்த கட்டை ஒன்றைக் கவிழ்த்து வைத்தாலே ஆறும் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பிளெக்கோவோ உடம்பு சுவரில் உரசும் அளவுக்கு இறுக்கமான பொந்தைத்தான் தேடும். விசாலமான குகையை வாங்கி வைத்துவிட்டு, மீன் வடிகட்டிக்குப் பின்னாலேயே கிடக்கிறது என்று வருந்துபவர்கள் பலர்.

எனவே ஒரு வளைந்த கட்டையும் ஒரு பொந்தும் வாங்குங்கள். இன்றைக்கு 4 செ.மீ. இருக்கும் பிரிஸ்டில்நோஸ் வளர்ந்தால் 12 செ.மீ. வரை வரும், அந்த அளவுக்கே பொந்து பாருங்கள். உள் அகலம் 5 செ.மீ., உயரம் 4 செ.மீ., நீளம் 15 செ.மீ. என்றால் சரியாக இருக்கும். ஒரு ஸ்கேலைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்; பெட்டியில் அச்சிட்டிருப்பது வெளி அளவு. பிளெக்கோ ஒன்றுக்கு மேல் வளர்த்தால், மீன்களின் எண்ணிக்கையைவிட ஒரு பொந்து கூடுதலாக இருக்கட்டும். இல்லையென்றால் பலவீனமானது இரவெல்லாம் விரட்டுப்படும்.

ரெசின் குகையை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. பழைய நைலான் காலுறையைத் துளையின் விளிம்பில் இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் துடுப்பும் கிழியும். அடிப்பக்கம் உள்ளீடற்று, ஊசித்துளை மட்டும் உள்ளதை வாங்காதீர்கள். உள்ளே தேங்கும் நீர் அழுகும். நகத்தால் சுரண்டினால் சாயம் உதிரும் பொருளும் வேண்டாம்.

கேள்வி: மரக்கட்டையை ஊறவைத்தால் நீர் தேநீர் நிறமாகிறது. தொட்டியில் வைத்த நான்காம் நாள் வெள்ளையாகச் சளி போலப் படிந்துவிட்டது. கெட்ட கட்டையை ஏமாற்றி விற்றுவிட்டார்களா?

பதில்: இந்த இரண்டு அறிகுறிகளை மட்டும் வைத்துக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. நிறம் என்பது மரத்திலிருந்து இறங்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள். மீனுக்குக் கெடுதல் இல்லை. கண்ணுக்குப் பிடிக்காவிட்டால் வடிகட்டியில் நிறத்தை உறிஞ்சும் கரியான ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். வெள்ளைச் சளி, மரத்தில் மிச்சமிருக்கும் சர்க்கரையைத் தின்று வளரும் பூஞ்சையும் பாக்டீரியாவும். 2 முதல் 4 வாரத்தில் தானே அடங்கும். அதுவரை நீர் மாற்றும்போது பிரஷ்ஷால் தேய்த்து, குழாயால் உறிஞ்சி எடுங்கள். இறாலும் பிளெக்கோவும்கூட அதை மேயும்.

அடுத்த கட்டைக்கு இப்படிச் செய்யுங்கள்: முதலில் சோப்பு இல்லாமல் கெட்டி பிரஷ்ஷால் தேயுங்கள். பாத்திரத்தில் அடங்கினால் 1 முதல் 2 மணி நேரம் கொதிக்கவிட்டு, நடுவில் இருமுறை நீரை மாற்றுங்கள். அடங்காத பெரிய கட்டையின் மேல் கொதிநீர் ஊற்றி, 1 முதல் 3 வாரம் வாளியில் மூழ்கவையுங்கள். 2 நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். கையை எடுத்தால் மேலே வராமல் அடியிலேயே கிடக்கும் வரை தொட்டிக்குள் வைக்காதீர்கள். மிதக்கும் கட்டையின் மேல் கல்லைத் தூக்கி வைப்பது ஆபத்து. என்றைக்காவது கட்டை புரளும், கல் மீன் மேல் விழும். அவசரமென்றால் தட்டையான ஸ்லேட் பலகையைக் கட்டையின் அடியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகால் முடுக்கி, அந்தப் பலகையை மணலுக்குள் புதையுங்கள்.

உண்மையிலேயே கெட்ட கட்டைக்கு அடையாளங்கள் வேறு: நகம் உள்ளே இறங்கும், வெட்டுவாயில் பச்சை தெரியும், பிசின் வாசனை வரும். பைன், தேவதாரு போன்ற பிசின் மரங்கள் வேண்டாம். ஓணான், பல்லி வளர்ப்போருக்கென்று விற்கும் திராட்சைக்கொடிக் கட்டையும் வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும். நீருக்குள் சில மாதங்களில் மெத்தென்று அழுகும். கடல் ஒதுக்கிய கட்டையில் உப்பு ஊறியிருக்கும். இன்னொன்று: எடை போட்டு விற்கும் இடத்தில் ஈரக்கட்டையை வாங்கினால் நீருக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறீர்கள்.

கேள்வி: கல்லில் வினிகர் விட்டேன், நுரைக்கவில்லை. கொதிக்கவைத்துவிட்டுப் போடலாமா?

பதில்: கல்லைக் கொதிக்கவைக்கவே கூடாது. விரிசலுக்குள் சிக்கிய நீர் ஆவியாகி, கல் வெடித்துச் சிதறலாம். அடுப்பு, ஓவன் இரண்டும் வேண்டாம். பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினாலே போதும். பழைய தொட்டியிலிருந்து வந்த கல்லானால், வாசனை சேர்க்காத பிளீச்சிங் திரவம் 1 பங்கு, நீர் 19 பங்கு கலந்து 15 நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி, குளோரின் நீக்கி கலந்த நீரில் ஒருநாள் வையுங்கள். வாசனை துளியும் இருக்கக்கூடாது. இந்த முறை மரத்துக்குப் பொருந்தாது. மரம் திரவத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

கல்லில் சுண்ணாம்பு இருந்தால் நுரைக்கும் என்ற வினிகர் சோதனை பாதி உண்மையைத்தான் சொல்லும். அது மென்மையான அமிலம். டோலமைட் போன்ற கல் அதற்கு அசைந்துகொடுக்காது. ஆணியால் கீறிப் பொடி வந்த இடத்தில் விட்டுப் பாருங்கள். அதைவிட நம்பகமானது வாளிச் சோதனை. இரண்டு வாளிகளில் ஆர்.ஓ. நீரை நிரப்பி, ஒன்றில் மட்டும் கல்லைப் போடுங்கள். 7 நாள் கழித்து இரண்டிலும் கடினத்தன்மையை அளந்து பாருங்கள். கல் கிடந்த வாளியில் எண் ஏறியிருந்தால் அது சுண்ணாம்பு விடும் கல். சுண்ணாம்புக்கல், பளிங்கு, பவளம், சிப்பி, பலரும் விரும்பும் செய்ரியூ கல் எல்லாம் இந்த வகைதான். கடின நீரை விரும்பும் ஆப்பிரிக்க ஏரி மீனுக்கு அது நல்லது, மென்னீர் மீனுக்கு ஆகாது. ஸ்லேட், கிரானைட், குவார்ட்சைட் கவலையில்லை. துருநிறக் கோடும் உலோக மினுமினுப்பும் உள்ள கல்லைத் தவிருங்கள். எரிமலைக்கல் வேதியியலாகச் சாதுதான், ஆனால் சொரசொரப்பு கோரிடோராஸின் மீசையைத் தேய்த்துவிடும்.

கேள்வி: கல் அடுக்கி அமைத்த குகை இரவில் சரிந்து லோச் என்ற தரைமீன் ஒன்று நசுங்கிவிட்டது. எங்கே தவறு?

பதில்: மணலைப் பரப்பிய பிறகு கல்லை வைத்திருப்பீர்கள். லோச், பிளெக்கோ, கோரிடோராஸ் எல்லாமே மணலைத் தோண்டும். அடியில் பள்ளம் விழுந்ததும் கல் சாயும். வரிசையை மாற்றுங்கள்: வெறும் கண்ணாடியின் மேல் பிளாஸ்டிக் கட்ட வலையோ மெல்லிய ஃபோம் தாளோ விரித்து, அதன்மேல் கற்களை உட்காரவைத்து, எல்லாம் முடிந்த பிறகு 3 முதல் 5 செ.மீ. உயரத்துக்கு மழமழப்பான மணலைச் சுற்றிப் போடுங்கள். ஒவ்வொரு கல்லும் குறைந்தது 3 புள்ளிகளில் ஊன்றியிருக்க வேண்டும். விரலால் தள்ளி ஆடுகிறதா என்று பாருங்கள். கூரைக்கல்லைச் சிலிகானால் ஒட்டிவிடுவது நல்லது. குளியலறைக்கென்று பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்து வரும் சிலிகான் வேண்டாம். மீன்தொட்டிக்குரியது என்று குழாயில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். உலர்ந்த கல்லில் ஒட்டி, குறைந்தது 48 மணி நேரம் காயவிடுங்கள். புளிப்பு வாசனை இன்னும் இருந்தால் காயவில்லை என்று பொருள்.

கேள்வி: கொட்டாங்கச்சி, மண் பூந்தொட்டி இவற்றையே பயன்படுத்தலாமா?

பதில்: தாராளமாக. கடையில் விற்கும் பலவற்றைவிட இவை மேல். கொட்டாங்கச்சியில் தேங்காய்ப் பருப்பைத் துளிகூட விடாமல் சுரண்டுங்கள்; மிச்சமிருந்தால் அழுகி அம்மோனியா ஏறும். 30 நிமிடம் கொதிக்கவைத்து நீரைக் கொட்டுங்கள். நீரின் மேல் எண்ணெய்ப் படலம் வராமல் போகும் வரை மறுபடி மறுபடி. விளிம்பில் 5 செ.மீ. வாசல் வெட்டி, அரத்தால் ராவி, உப்புத்தாளால் மழுங்கடியுங்கள். வார்னிஷ் பூசிய அலங்காரச் சிரட்டை வேண்டாம்.

மண்தொட்டி பூச்சில்லாததாக இருக்கட்டும். பளபளப்புப் பூச்சில் ஈயம் இருக்கலாம். அடியில் இருக்கும் வடிகால் துளைதான் எமன்: தலை நுழையும், உடம்பு நுழையாது. சிலிகானால் அடைத்துவிடுங்கள்.

கேள்வி: அப்படித்தான் பிளெக்கோ துளையில் சிக்கிக்கொண்டது. வாலைப் பிடித்து இழுக்கலாமா?

பதில்: கூடாது. பயந்த பிளெக்கோ துடுப்பின் முள்ளை விரித்துப் பூட்டிக்கொள்ளும், கோரிடோராஸும் அப்படியே. பின்னால் இழுக்க இழுக்க முள் இன்னும் ஆழமாகக் குத்தும். பொருளை நீருக்குள்ளேயே வைத்து, விளக்கை அணைத்து, அரை மணி நேரம் விடுங்கள். அடங்கினால் முள்ளைத் தானே மடக்கும். வராவிட்டால் அகலமான பாத்திரத்தில் தொட்டி நீரை ஊற்றி, பொருளை அதற்கு மாற்றி, துளையின் விளிம்பைக் குறடால் சிறிது சிறிதாக வெளிப்பக்கமாக உடையுங்கள். சுத்தியலைத் தொடாதீர்கள்.

கேள்வி: கல், கட்டை போட்ட பிறகு மருந்தின் அளவு மாறுமா?

பதில்: மாறும். 5 கிலோ கல் ஏறத்தாழ 2 லிட்டர் நீரின் இடத்தை எடுத்துக்கொள்ளும். மணலும் கட்டையும் தனி. பெட்டியில் எழுதிய 100 லிட்டரை நம்பி மருந்து ஊற்றினால் அளவு கூடிவிடும், செதில் மிக நுண்ணியதான லோச் முதலில் தவிக்கும். அடுத்தமுறை தொட்டியை நிரப்பும்போது 10 லிட்டர் வாளியால் எண்ணி ஊற்றி, கிடைத்த எண்ணைத் தொட்டியின் பின்புறம் எழுதி ஒட்டிவையுங்கள்.