இரத்தத்தில் ஓடுவதா? – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

உங்கள் தளத்தை இரண்டு வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. பெயரும் ஊரும் போட வேண்டாம், வலிகாமத்துப் பக்கம் என்றால் போதும்.

மார்கழியில் எனக்கு ஒரு பேச்சுக்கால் வந்தது. குறிப்புப் பொருந்தி, பெடியன் வீட்டார் வந்து பார்த்து, சீதனமும் பேசியாகிவிட்டது. அவர்கள் வந்த அன்று சித்தப்பாவின் படத்தை அம்மா சுவரிலிருந்து கழற்றி அலுமாரிக்குள் வைத்தா. சித்தப்பா ஒன்பது வருடத்துக்கு முன் தன் உயிரை மாய்த்துக்கொண்டவர். எப்படியோ விசாரித்து அறிந்துவிட்டார்கள். "தகப்பனும் குடி, சித்தப்பனும் இப்பிடி. அந்தக் குடும்பத்தின்ர இரத்தத்தில இருக்கு, நாளைக்குப் பிள்ளையளுக்கும் வரும்" என்று பெடியனின் மாமி சொன்னாவாம். தரகர் வந்து சொன்னதோடு எல்லாம் முடிந்தது.

கலியாணம் குழம்பியது எனக்குப் பெரிய கவலை இல்லை. அந்த வசனம்தான் நித்திரையைக் கெடுக்கிறது. லண்டனில் தாதியாக இருக்கும் மச்சாளிடம் கேட்டேன். இனத்துக்கு இனம் இதெல்லாம் வித்தியாசம்தான், அங்கே கரிபியன் கறுப்பின மக்களுக்கு மனநோய் கூடுதல், அமெரிக்கப் பழங்குடிகளுக்குக் குடி கூடுதல், ஒரு காலத்தில் தற்கொலையில் இலங்கை உலகத்திலேயே முன்னுக்கு நின்றது என்று சொன்னா. அப்படியென்றால் அந்த மாமி சொன்னது சரிதானா?

இன்னொன்று. அப்பா இந்த முறை நல்லூர்க் கொடியேற்றத்தோடு குடியை ஒரேயடியாக விடுவதாக நேர்த்தி வைத்திருக்கிறார். முன்பும் இரண்டு தடவை அப்படி விட்டவர். மூன்றாம் நாள் கைகால் நடுங்கி, யாரோ வாசலில் நிற்கிறார்கள் என்று கத்தி, திரும்பவும் குடித்தவர். அதுவும் இரத்தம்தானா?

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு நாள் பதில் எழுதவில்லை. கோபம் தணியட்டும் என்று இருந்தேன். இன்னும் தணியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

மச்சாள் சொன்ன விபரங்கள் பொய்யில்லை. அவற்றை வைத்து 'இரத்தம்' என்று முடிவு கட்டுவதுதான் பிழை. வலிகாமத்துப் பிள்ளை என்கிறீர்கள், வெங்காயத்தை வைத்தே சொல்கிறேன். ஒரே குவியலில் எடுத்த விதை வெங்காயத்தில் பாதியைச் செம்மண் தோட்டத்திலும் மறுபாதியைக் கடற்கரைப் பக்கத்து உவர்த் தரையிலும் நடுங்கள். செம்மண் பாத்திக்குள்ளேயே ஒன்று பெருக்கும், பக்கத்தில் நிற்பது சிறுக்கும். அது விதையின் குணமாக இருக்கலாம். ஆனால் உவர்த் தரையில் நட்டதெல்லாம் சிறுத்துப்போனால் எந்தத் தோட்டக்காரனும் விதையைத் திட்டமாட்டான். கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்ப்பான். ஒரு குடும்பத்துக்குள் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவதில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. அதை வைத்துக்கொண்டு, இரண்டு இனங்களுக்கு இடையிலான இடைவெளிக்கும் பரம்பரைதான் காரணம் என்று சொல்ல முடியாது.

கரிபியன் மக்களையே பார்ப்போம். இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2006 இல் வந்தது. அங்குள்ள வெள்ளையரோடு ஒப்பிட்டால் கரிபியன் வழிவந்தவர்களுக்கு, இல்லாத குரல் கேட்டு நினைப்புக் குழம்பும் மனச்சிதைவு நோய் ஏறக்குறைய ஒன்பது மடங்கு. இரத்தம்தான் காரணமென்றால் யமேக்காவிலும் டிரினிடாட்டிலும் அதே கணக்கு வர வேண்டும். அங்கே போய்ப் பார்த்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அப்படியானால் நோய் வரக்கூடியவர்கள்தான் ஊரைவிட்டுக் கப்பலேறினார்களோ என்று கேட்கலாம். 1932 இல் ஒதேகார்ட் என்ற நோர்வே மருத்துவர் அப்படித்தான் நினைத்தார். அமெரிக்காவின் மினசோட்டாவுக்குக் குடிபெயர்ந்த நோர்வேக்காரருக்கு, ஊரோடு இருந்தவர்களைவிட இந்த நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கண்டவர் அவர். ஆனால் இங்கிலாந்திலேயே பிறந்த கரிபியன் பிள்ளைகளுக்கும் கூடுதலாகத்தான் வருகிறது. அவர்கள் எந்தக் கப்பலிலும் ஏறியவர்கள் இல்லையே.

தென் லண்டனில் 2001 இல் வெளிவந்த ஆய்வுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. சிறுபான்மையினர் தங்கள் ஆட்களோடு நெருங்கி வாழும் பகுதிகளில் அவர்களுக்கு நோய் குறைவு. தனித்துப்போன இடங்களில் கூடுதல். தோல் அதே தோல்தான், பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் மாறுகிறது. அதை வாசித்தபோது, பனி கொட்டும் ஏதோவொரு ஐரோப்பிய ஊரில், வகுப்பிலேயே ஒரே கறுத்தப் பிள்ளையாக வளர்ந்த எங்கள் பிள்ளைகளை நினைத்தேன்.

குடியைப் பொறுத்தவரை இரத்தத்தின் பக்கம் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். கிழக்காசிய மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்காவது மதுவை உடைக்கும் நொதியம் ஒன்று சரியாக வேலை செய்வதில்லை. கொஞ்சம் குடித்தாலே முகம் சிவக்கும், நெஞ்சு அடிக்கும், குமட்டும். அதனால் அவர்கள் குடிக்கு அடிமையாவது குறைவு. பிறப்போடு வந்த காவல். இப்போது யப்பானைப் பாருங்கள். 1979 இல் குடிநோயாளிகளில் இந்தக் காவல் உள்ளவர்கள் 2.5 வீதம். 1992 இல் 13 வீதம். பதின்மூன்று வருடத்தில் ஒரு சனத்தின் பரம்பரை மாறாது. வேலை முடிந்தபின் மேலாளரோடு இருந்து குடிக்காவிட்டால் மரியாதைக் குறைவு என்ற வழக்கம், உடம்பு போட்ட வேலியையே பிரித்துவிட்டது. அமெரிக்கப் பழங்குடிகளில் மதுவைத் தொடாமலே இருப்பவர்கள் வெள்ளையரைவிடக் கூடுதல் என்பதையும் உங்கள் மச்சாளுக்குச் சொல்லுங்கள்.

எங்கள் ஊரிலும் இந்தப் பேச்சு உண்டு, இனத்துக்குப் பதிலாகச் சாதியைச் சொல்லுவார்கள். "அந்தப் பகுதி ஆக்கள் எல்லாம் வெறிக்குட்டியள்" என்று கேட்டு வளர்ந்தவள் நான். பனையேறிக் கள் இறக்கியவர்களைத்தான் அப்படிச் சொன்னார்கள். அந்தக் கள்ளைப் பனையோலைப் பிளாவில் வாங்கிக் குடித்தவர்கள், அப்படிச் சொன்னவர்களின் அப்பாக்களும் மாமாக்களும். மலையகத்துச் சனத்தைப் பற்றியும் இதே கதைதான். வெள்ளைக்காரன் காலத்தில் சாராயக் குத்தகை அரசாங்கத்துக்குப் பெரிய வருமானம். 1912 இல் மதுக்கடைகளை எதிர்த்து ஒரு மதுவிலக்கு இயக்கமே எழ வேண்டியிருந்தது. ஒரு லயத்து அறைக்குள் குடும்பத்தையே அடைத்து, நாள் முழுக்க மழைக்குள்ளும் அட்டைக் கடிக்குள்ளும் நிறுத்தி, எட்டுகிற தூரத்தில் சாராயத்தையும் வைத்துவிட்டு, பிறகு "அது அவங்கட பழக்கம்" என்பது பெரிய அநியாயம்.

இனி தற்கொலை. 1995 இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் இப்படி இறந்தார்கள். உலகத்தின் மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. அடுத்த இருபது வருடத்தில் அது மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. அந்த இருபது வருடத்துக்குள் நாங்கள் என்னென்ன பட்டோம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இடப்பெயர்வு, சுனாமி, முள்ளிவாய்க்கால். சந்தோஷம் கூடியதால் இறங்கவில்லை. கொடிய பூச்சிமருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 1984 இல் தொடங்கி, 1995 இலும் 1998 இலும், பிறகு 2008 முதல் 2011 வரையும். 1995 இலிருந்து 2015 வரை இதனால் ஏறத்தாழ 93,000 உயிர்கள் தப்பியதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் கணத்தின் கோபமும் அவமானமும் பலருக்குக் கடந்து போகக்கூடியவை. கடந்து போகும்வரை உயிர் தங்கினால், அநேகர் பிறகும் வாழ்கிறார்கள். சிங்களவரின் இரத்தமும் மாறவில்லை, எங்கள் இரத்தமும் மாறவில்லை. கடையின் இறாக்கையில் இருந்ததுதான் மாறியது.

யாழ்ப்பாணத்தின் கதை இன்னும் விசித்திரம். போர் உக்கிரமாக இருந்த காலங்களில் இங்கே தற்கொலை குறைந்ததைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பதிவு செய்திருக்கிறார். எல்லோரும் ஒன்றாகப் பங்கருக்குள் ஒடுங்கியபோது குறைந்திருக்கிறது. 2009 இல் போர் முடிந்த சில மாதங்களில் யாழ் மாவட்டத்தில் எடுத்த கணக்கெடுப்பில் 22.2 வீதமானவர்களிடம் மனச்சோர்வும் 32.6 வீதமானவர்களிடம் பதகளிப்பும் (தீராத பதற்றம்) தெரிந்தன. எங்கள் சனம்தான். ஆனால் அப்போதும் இடம்பெயர்ந்தே இருந்தவர்களுக்கு, சொந்த இடத்தில் இருந்தவர்களைவிட இரண்டுமே கூடுதல்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஏறக்குறைய இருநூறு பழங்குடிச் சமூகங்கள் இருக்கின்றன. பழங்குடி இளையோர் அதிகம் தற்கொலை செய்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்லப்படும் இடம். 1998 இல் இரண்டு ஆய்வாளர்கள் மொத்தக் கணக்கை உடைத்து, ஒவ்வொரு சமூகமாகப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்ட சமூகங்களில், அவர்கள் பார்த்த ஆறு வருடத்தில் ஒரு இளையவர்கூடத் தற்கொலை செய்திருக்கவில்லை. தங்கள் நிலத்துக்கு வழக்காடி, தங்கள் பள்ளிக்கூடத்தையும் வைத்திய நிலையத்தையும் தாங்களே நடத்தி, தங்கள் பண்பாட்டுக்கு ஒரு மண்டபமும் கட்டி வைத்திருந்த சமூகங்கள் அவற்றில் இருந்தன. இதை வாசித்துவிட்டு நான் வளவுக்குள் இறங்கிக் கொஞ்ச நேரம் நடந்தேன். எங்களுக்கு இதில் கேட்க எவ்வளவு இருக்கிறது என்று நினைத்தேன்.

இனி உங்கள் வீடு. பரம்பரைக்கு ஒரு பங்கும் இல்லை என்று சொன்னால் அது உங்களை ஏமாற்றுவது. மனச்சிதைவு பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வருகிறது. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைகளில் நூற்றில் பத்துப் பேரளவுக்கு. தொண்ணூறு பேருக்கு வருவதில்லை. குடிநோய் உள்ளவரின் பிள்ளைக்கும் அந்த ஆபத்து மற்றவர்களைவிடக் கூடத்தான். அப்படியும் பெரும்பாலான பிள்ளைகள் குடிநோயாளியாவதில்லை. சலரோகமும் நெஞ்சுவருத்தமும் குடும்பத்தில் வருகின்றன. அதற்காக யாரும் பேச்சுக்காலைக் குழப்புவதில்லை. அந்த மாமிக்குத் தன் வீட்டுச் சலரோகம் ஒரு வியாதி, உங்கள் வீட்டு வருத்தம் ஒரு கறை.

சித்தப்பாவைப் பற்றி நீங்கள் ஒரு வசனம்தான் எழுதியிருக்கிறீர்கள். எப்படி இறந்தார் என்பது மட்டும் இருக்கிறது. எப்படி வாழ்ந்தார்? 1995 ஐப்பசி 30 இரவு, வலிகாமமே இடம்பெயர்ந்து மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தபோது அவருக்கு எத்தனை வயது? யாரைத் தொலைத்தார்? நுண்கடன் இருந்ததா? கடைசிக் கிழமைகளில் நித்திரை கொண்டாரா, யாரிடமாவது ஏதாவது சொன்னாரா? எங்கள் பத்திரிகைகள் "தவறான முடிவெடுத்து" என்று எழுதுகின்றன, அவர் உட்கார்ந்து கணக்குப் போட்டு, பிழையான விடையை எடுத்ததுபோல. எனக்கு அந்தச் சொல் பிடிப்பதேயில்லை. தற்கொலைக்கு முயன்று உயிர் தப்பியவரை 1998 வரை சட்டமே குற்றவாளியாக வைத்திருந்தது. சட்டம் அதை விட்டுவிட்டது. நாங்கள் விடவில்லை.

அந்தப் படத்தைத் திரும்ப மாட்டச் சொல்லி அம்மாவிடம் கதையுங்கள். அம்மாவில் கோபப்பட வேண்டாம், அவ உங்களுக்காகத்தான் கழற்றினா. ஆனால் ஒரு வீட்டில் படத்தை ஒளித்தால், அடுத்ததாக அந்த வீட்டில் மனம் உடைகிறவருக்கு என்ன விளங்கும் என்று யோசித்துப் பாருங்கள். தங்கச்சியின் பேச்சுக்கால் குழம்பிவிடும் என்று அண்ணன் வாயைத் திறக்க மாட்டான். பிள்ளைகளின் எதிர்காலம் என்று அப்பா கிளினிக் வாசலை மிதிக்க மாட்டார். குடும்பத்துக்குள் இந்தத் துயரம் ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் போகிற வழிகளில் இந்த மௌனமும் ஒன்று. மாமி சொன்ன இரத்தத்தைவிட எனக்கு இதில்தான் பயம்.

கடைசியாக அப்பா. நான் உடனே பதில் எழுத வேண்டியிருந்ததும் இதற்குத்தான், இரண்டு நாள் பிந்தியதற்கு மன்னியுங்கள். மூன்றாம் நாள் நடுங்கியதும் ஆளைக் கண்டதும் இரத்தமும் இல்லை, பேயும் இல்லை, மனத்தில் உறுதி இல்லாததும் இல்லை. வருடக் கணக்காகத் தினமும் குடித்த மூளை, குடி இருக்கும் என்ற கணக்கில்தான் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரைக்குள் உளறல், ஆள் தெரிவது, காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு. கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். அப்பா இரண்டு தடவை அதைத் தாண்டியிருக்கிறார், மூன்றாம் தடவை இன்னும் கடுமையாக வரக்கூடும். மேலே ஆண்டவனுக்கு வைத்த நேர்த்தி இருக்கட்டும். அது நல்ல மனம், அதைக் கெடுக்கக் கூடாது. ஆனால் நிறுத்துவதை வைத்தியரின் கையில் ஒப்படைக்க வேண்டும். நடுக்கத்தை அடக்கும் மாத்திரையைக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, விற்றமின் பி1 உம் ஏற்றி, ஒரு கிழமையளவில் அதைத் தாண்ட வைப்பார்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இரவில் தாங்க முடியாமல் வந்தால் 1926 க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம். 1333 என்ற உளவள ஆலோசனை இலக்கமும் இருக்கிறது.

கொடியேற்றத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்கு முதல் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். விரதத்துக்கு உடம்பைத் தயார்ப்படுத்துகிறோம் என்று சொன்னால் அவர் வரக்கூடும். தனியாகப் போகப் பயமென்றால் எழுதுங்கள், நானும் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா