ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேனுக்கு எந்தப் பச்சை?

கேள்வி: ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன் என்ற பிரிட்டிஷ் நீராவி ரயில் இன்ஜினின் பழைய மாடல் ஒன்று கைக்கு வந்தது. பெயின்ட் முழுக்க உரிந்துவிட்டது. இரட்டைப் புகைபோக்கியும், முன்பக்கம் இருபுறமும் நிமிர்ந்த தகடுகளும் இருக்கின்றன. இளம்பச்சை அடித்து 4472 என்று எண் போட ஆசை. ஆனால் படங்களில் கரும்பச்சை, நீலம், கறுப்பு எல்லாம் வருகிறது. எது சரி?

பதில்: எல்லாமே சரிதான், அந்தந்த ஆண்டுக்கு. அதனால் பெயின்ட் வாங்கும் முன் ஆண்டை முடிவு செய்யுங்கள். உங்கள் மாடலே அதைச் சொல்லிவிடுகிறது. இந்த இன்ஜினுக்கு இரட்டைப் புகைபோக்கி வந்தது 1959 ஜனவரியில். அதன்பின் புகை மெதுவாக வெளியேறித் தாழ்ந்து படர்ந்து டிரைவரின் பார்வையை மறைத்தது. புகையை மேலே தள்ளத்தான் 1961இல் அந்தத் தகடுகளைப் பொருத்தினார்கள். 1963 ஜனவரியில் பணி ஓய்வு. ஆக, உங்கள் கையில் இருப்பது அதன் கடைசிக் காலத் தோற்றம். அதற்குப் பிரிட்டிஷ் ரயில்வேயின் கரும்பச்சை, ஆரஞ்சும் கறுப்பும் கலந்த ஓரக்கோடு, 60103 என்ற எண். நானாக இருந்தால் இதைத்தான் அடிப்பேன். பொருட்காட்சிப் பொலிவு இல்லாத, நாள் தவறாமல் உழைத்த இன்ஜினின் முகம் இது.

இளம்பச்சை, இந்த இன்ஜினை முதலில் ஓட்டிய எல்.என்.இ.ஆர். (லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே) கம்பெனியின் நிறம். இன்ஜின் 1923இல் இங்கிலாந்தின் டான்காஸ்டர் பட்டறையில் 1472 என்ற எண்ணோடு வெளிவந்து, அடுத்த ஆண்டு 4472 ஆனது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செலவையும் ஆள்பலத்தையும் மிச்சம் பிடிக்க வெறும் கறுப்பு அடித்தார்கள். டெண்டரில் (இன்ஜினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் வண்டி) கம்பெனிப் பெயரின் நான்கு எழுத்துக்குப் பதில் ‘என்.இ.’ மட்டும். 1946இல் எண் முதலில் 502, அப்புறம் 103. 1947இல் அதிக அழுத்தக் கொதிகலன் கொண்ட ஏ3 வகையாக மாற்றிக் கட்டியபோது மறுபடி இளம்பச்சை. ரயில்வே அரசுடைமையானபின் சிறிது காலம் நீலம். அது உழைப்புக்குத் தாங்கவில்லை. 1952இல் கரும்பச்சைக்கு மாறியது.

குழப்பம் வருவது பிற்காலப் படங்களால். 1963இல் இதை வாங்கிய ஆலன் பெக்லர் ஒற்றைப் புகைபோக்கி வைத்து, இளம்பச்சையும் 4472உம் திரும்பக் கொண்டுவந்தார். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இளம்பச்சை, 4472, இரட்டைப் புகைபோக்கி, தகடுகள் எல்லாம் சேர்ந்தே ஓடியது. நீங்கள் நினைக்கும் சேர்க்கைக்கு அந்தப் படங்கள்தான் ஆதாரம். 1963 வரை அப்படி ஒரு நாளும் ஓடியதில்லை. 2011இல் போர்க்காலக் கறுப்பு, 2016இல் மறுபடி கரும்பச்சை.

தகடுகளைக் கழற்றி ஒற்றைப் புகைபோக்கி மாற்றினாலும் 1924 மாடல் ஆகிவிடாது, கொதிகலன் ஏ3 வகையாயிற்றே. பெக்லர் காலத்து இன்ஜின் என்றால் பொருந்தும்.

சரி, பெயின்ட் வேலை. பழைய பூச்சைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள். இளம்பச்சை என்றால் அடியில் வெள்ளை அல்லது வெளிர்சாம்பல் பிரைமர் போடுங்கள். கறுப்பு பிரைமர் மேல் அது மங்கித் தெரியும். கரும்பச்சைக்குச் சாம்பல் போதும். எண்ணும் ஓரக்கோடும் ஒட்டும் முன் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுங்கள். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் ஸ்டிக்கரின் ஓரம் வெள்ளையாகப் பூத்துக் காட்டும். ஒட்டி நன்றாகக் காய்ந்தபின் அரைப்பளபளப்பு வார்னிஷால் மூடிவிடுங்கள்.