தோற்றவனைப் பின்தொடரும் படம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தற்காப்புக் கலைப் படங்களைப் பற்றிய உங்கள் பழைய குறிப்பு ஒன்றில், சிறைக்குள் நடக்கும் சண்டைகளைப் பற்றிய ‘அன்டிஸ்பியூடட்’ வரிசையில் முதல் படத்தைவிட இரண்டாவதே மேல் என்று எழுதியிருந்தீர்கள். சென்ற வாரம் இரண்டையும் பார்த்தேன். முதல் படத்தில் இயக்குநர் வால்டர் ஹில், நடிகர் வெஸ்லி ஸ்னைப்ஸ் என்று பெரிய பெயர்கள். இரண்டாவது திரையரங்கையே எட்டிப் பார்க்காமல் நேராக டிவிடிக்குப் போன படம். கதையும் நம்பும்படி இல்லை. உலகப் புகழ் பெற்ற குத்துச்சண்டை வீரன் ஒருவனைச் சிறைக்குள் தள்ளி, அதிகாரிகளே சண்டைக்கு மேடை போட்டுக் கொடுப்பார்களா? என்னுடன் பார்த்த நண்பர்கள் சிரித்தார்கள். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். படம் முடிந்த பிறகு கதாநாயகன் முகம் மறந்துவிட்டது, வில்லன் போய்கா மட்டும் மனதில் நிற்கிறான். இது படத்தின் குறையா, என் குறையா?

அன்புடன்,
கே., ஓசூர்

அன்புள்ள கே.,

இரண்டும் இல்லை. போய்கா மனதில் நின்றது உங்களுக்கு மட்டுமல்ல, அந்தப் படத்தை எடுத்தவர்களுக்கும்தான். அதனால்தான் 2010இல் வந்த மூன்றாவது படத்தில் அவனே கதாநாயகன்.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான். வழக்கமான இரண்டாம் பாகம், முதல் பாகத்தில் ஜெயித்தவன் பின்னால் போகும். அவனுக்கு இன்னும் பெரிய எதிரி, இன்னும் பெரிய அடிதடி. இங்கே ஒவ்வொரு படமும் முந்தைய படத்தில் தோற்றவனைத் தேடிப் போகிறது. 2002இல் வந்த முதல் படத்தில் விங் ரேம்ஸ் நடித்த ஐஸ்மேன் சேம்பர்ஸ், சிறைக்குள் நடக்கும் சண்டையில் வெஸ்லி ஸ்னைப்ஸிடம் தோற்கிறான். 2006இல் வந்த இரண்டாவது படத்தின் நாயகன் அதே சேம்பர்ஸ்தான், நடிகர் மட்டும் மைக்கேல் ஜெய் ஒயிட். அதில் அவனிடம் கால் உடைந்து விழுகிறவன் போய்கா. மூன்றாவது படம் அந்த உடைந்த காலிலிருந்து தொடங்குகிறது. இதைத் திட்டமிட்டே செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நடிகர் கிடைக்காதது, பணம் போதாதது என்று ஆயிரம் காரணங்கள் இருக்கலாம். ஆனால் விளைவு நன்றாக அமைந்துவிட்டது.

முதல் படத்தை நான் தாழ்த்தவில்லை. ஆனால் வால்டர் ஹில்லுக்கு ஆர்வமெல்லாம் சிறையின் ஆட்களிடம்தான்: யார் யாருக்குக் கடன்பட்டவன், வயதான மாஃபியாக்காரன் எப்படிக் கம்பிக்குப் பின்னால் இருந்துகொண்டே காரியம் சாதிக்கிறான் என்பதெல்லாம். குத்துச்சண்டை கடைசியில் வருகிறது. இரண்டாவது படத்தின் இயக்குநர் ஐசக் ஃப்ளோரன்டைன் கராத்தே பயின்றவர், ‘பவர் ரேஞ்சர்ஸ்’ தொலைக்காட்சித் தொடரில் வேலை பார்த்தவர். அவருக்கு ஆட்களைவிட உடல்கள் முக்கியம். ரஷ்யச் சிறை என்று சொல்லி பல்கேரியாவில் எடுத்த படம். பெரிய அரங்குக்கும் கூட்டத்துக்கும் பணம் இல்லை. இருந்தது, உண்மையிலேயே உதைக்கத் தெரிந்த இரண்டு நடிகர்களும் ஜே.ஜே. பெர்ரி என்ற சண்டை அமைப்பாளரும்தான். ஆகவே கேமரா தள்ளி நிற்கிறது. தலையிலிருந்து பாதம் வரை முழு ஆளும் தெரிகிறான். உதை கிளம்பும் இடமும் விழும் இடமும் ஒரே ஷாட்டில் வருகின்றன. கையை ஓங்கினால் ஒரு கட், முகம் திரும்பினால் ஒரு கட், நடுவில் ஆறு பேர் காற்றில் பறப்பது என்று பழகிய நம் கண்ணுக்கு இது ஒரு விருந்து. ஒரே குறை, நல்ல உதைகளை எல்லாம் வேகம் குறைத்துக் காட்டும் ஆசை ஃப்ளோரன்டைனுக்கு அதிகம். சில இடங்களில் கெஞ்சத் தோன்றுகிறது, விடுங்கள் ஐயா, பார்த்துவிட்டோம் என்று.

போய்காவாக நடித்த ஸ்காட் அட்கின்ஸ் ஆங்கிலேயர். ஜூடோ, டேக்வாண்டோ, கிக்பாக்சிங் எல்லாம் பழகியவர். ஆனால் போய்கா நிற்பதற்கு அந்த அந்தரத்துச் சுழல் உதைகள் மட்டும் காரணம் அல்ல. இரண்டாவது படத்தின் முதல் மோதலில் சேம்பர்ஸுக்கு யாரோ மயக்க மருந்து கொடுத்துவிட, போய்கா எளிதாக ஜெயிக்கிறான். உண்மை தெரிந்ததும் அவனுக்கு வருகிற கோபத்தை நினைத்துப் பாருங்கள். கடவுள் தன்னை உலகத்தின் முழுமையான சண்டைக்காரனாகப் படைத்தார் என்று நம்புகிறவனிடமிருந்து அந்த வெற்றியைத் தன் ஆட்களே திருடிவிட்டார்கள். சேம்பர்ஸுக்கு வெளியே ஒரு வாழ்க்கை இருக்கிறது, சண்டை அதற்கான டிக்கெட். போய்காவுக்கு வேறு எதுவும் இல்லை. நம் கண் எப்போதும் பணயம் அதிகம் வைத்தவன் பக்கம்தான் போகும்.

மூன்றாவது படத்தை அவசியம் பாருங்கள். லார்னெல் ஸ்டோவால் அமைத்த சண்டைகளில் போய்காவின் அந்த உடைந்த கால் முட்டிதான் முக்கியப் பாத்திரம். எந்தக் காலை ஊன்றுகிறான், எதை மறைக்கிறான், எதிராளி எப்போது அதைக் கவனிக்கிறான் என்று நாம் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்போம். எதிரி டோலராக வருகிறவர் சிலி நாட்டு மார்கோ சரோர். மற்ற கைதிகள் கல் உடைக்கிறார்கள், டோலருக்கு ஓய்வும் போதை மருந்தும் கொடுத்து வளர்க்கிறார்கள். பந்தயம் கட்டுகிறவர்களின் பணம் அவன் மேல் இருக்கிறது.

இனி உங்கள் நண்பர்களின் சிரிப்புக்கு வருகிறேன். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், அந்நாளில் ராவே மாநிலச் சிறை என்று அழைக்கப்பட்ட சிறை ஒன்று உண்டு. 1978 அக்டோபரில், அங்கே கைதியாக இருந்த ஜேம்ஸ் ஸ்காட், அப்போது முன்னணியில் இருந்த எடி கிரெகரி என்ற வீரரைச் சிறைக்கு வரவழைத்து, தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன் புள்ளிக் கணக்கில் வென்றார். கிரெகரி வெளியே போனார், எடி முஸ்தபா முகமது என்று பெயர் மாற்றிக்கொண்டார், 1980இல் டபிள்யூபிஏ என்ற உலகக் குத்துச்சண்டை அமைப்பின் லைட் ஹெவிவெயிட் எடைப் பிரிவு சாம்பியன் ஆனார். அவரை வென்ற ஸ்காட்டை, கைதி என்ற காரணத்துக்காக அதே டபிள்யூபிஏ தன் தரவரிசையிலிருந்தே நீக்கிவிட்டது. முதல் ‘அன்டிஸ்பியூடட்’ முடிவும் ஏறக்குறைய இப்படித்தான்: தோற்றவன் வெளியே போய்ப் பட்டம் வாங்குகிறான், ஜெயித்தவன் உள்ளேயே இருக்கிறான்.

ராவேயின் கதை அங்கே முடியவில்லை. அதே சிறையில் குத்துச்சண்டை கற்ற டுவைட் பிராக்ஸ்டன் விடுதலையாகித் தொழில்முறை வீரர் ஆனார். 1981 செப்டம்பரில் அதே மதிலுக்குள் திரும்பி வந்து ஸ்காட்டைத் தோற்கடித்தார். அந்த டிசம்பரில், இன்னொரு உலக அமைப்பான டபிள்யூபிசியின் பட்டம் அவருடையது. இப்படி ஒரு திரைக்கதையை யாராவது எழுதிக்கொண்டு போனால் தயாரிப்பாளர் நம்ப மாட்டார்.

இது வெளிச்சத்தில் நடந்த பக்கம். கலிஃபோர்னியாவின் கோர்கோரன் சிறையில், பகைக் குழுக்களைச் சேர்ந்த கைதிகளைக் காவலர்களே ஒரே முற்றத்தில் விட்டு மோதவைத்தார்கள், அதில் பந்தயமும் நடந்தது என்ற குற்றச்சாட்டு 1990களில் எழுந்தது. அப்படி ஒரு மோதலின்போது, 1994இல், காவலர் சுட்டதில் ஒரு கைதி இறந்தார். எட்டுக் காவலர்கள் மீது வழக்கு நடந்து, 2000இல் நடுவர் குழு அனைவரையும் விடுவித்தது. தீர்ப்பு அது. ஆனால் அந்தச் செய்திகளைப் படித்த பிறகு, இந்தப் படங்களில் சிறை அதிகாரியும் பந்தயக்காரர்களும் வசதியாக அமர்ந்து சண்டையைப் பார்க்கும் காட்சிகள் எனக்குப் பழையபடி இருப்பதில்லை. நான் ரசிக்கிற அந்த முழு உடல் ஷாட் இருக்கிறதே, அது அவர்கள் நாற்காலியிலிருந்து தெரிகிற காட்சி. இதற்காகப் படம் பார்ப்பதை நிறுத்தினேனா என்றால் இல்லை. மூன்றாவது படத்தின் கடைசிச் சண்டையை இப்போதும் எழுந்து நின்றுதான் பார்க்கிறேன்.

நான்காவது படம் 2016இல் வந்தது. ஃப்ளோரன்டைன் அதை இயக்கவில்லை, டோடோர் சப்கனோவ் இயக்கினார். போய்காவின் அடியில் ஒரு எதிராளி இறந்துபோக, அவருடைய மனைவியிடம் மன்னிப்புத் தேடிப் போகிறான். தோற்றவன் வழியே போகும் கணக்கு அதிலும் ஒரு விதத்தில் தொடர்கிறது, இம்முறை இறந்தவனின் வீடு வரைக்கும். ஆனால் சிறையின் நெருக்கம் அதில் குறைவு, சண்டைகளில் அந்த முட்டி தந்த பதற்றமும் இல்லை. மூன்றாவதைப் பார்த்த கையோடு அதைப் போட்டுவிடாதீர்கள், ஒரு மாதம் போகட்டும்.