வெள்ளமும் வறட்சியும் வயலில் ஆணையும் பெண்ணையும் ஒரே மாதிரியா பாதிக்கின்றன?

இல்லை. இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில் மூதூர், கிண்ணியா பக்கம் பெரும்போகம், அதாவது பிரதான நெற்செய்கைப் பருவம், வடகீழ்ப் பருவமழையை நம்பித்தான் நடக்கிறது. மழை பொய்த்தால் ஆண்கள் மேசன் வேலை, வெளிநாடு என்று போகலாம். வயல், மாடு, பிள்ளைகள் எல்லாம் பெண் தலையில்தான். கிணறு வற்றினால் தண்ணீருக்கு நடப்பதும் பெரும்பாலும் அவர்தான். களை பிடுங்கிக் கிடைத்த கூலியும் நின்றுவிடும்.

என்னைக் கேட்டால் காணி யார் பெயரில் என்பதுதான் பெரிய விஷயம். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசுரிமையில் மகளுக்கு முன் மகனை வைத்தது. 2022இல்தான் திருத்தினார்கள். அரச காணிக்குக் கொடுத்த பழைய அனுமதிப்பத்திரங்கள் நிறைய இன்னும் ஆண் பெயரிலேயே இருக்கின்றன. பெயரில் காணி இல்லாவிட்டால், வெள்ளத்தில் பயிர் அழிந்தபிறகு நட்டஈடோ வங்கிக் கடனோ எடுப்பது பெரும்பாடு. அதே நேரம், பழைய விதைநெல் கடன் ஆண் பெயரில் இருந்தால் வட்டிக்காரர் தேடி வருவது அந்த ஆணைத்தான்.