2520-க்குப் பின்னால் தெய்வம் இருக்கிறதா?

கேள்வி: “1 முதல் 10 வரை எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் ஒரே எண் 2520. உலக மேதைகளுக்கு அகப்படாத இதைக் கண்டுபிடித்தவர் ராமானுஜன். வாரத்துக்கு 7 நாள், மாதத்துக்கு 30 நாள், வருடத்துக்கு 12 மாதம், மூன்றையும் பெருக்கினால் அதே 2520!” என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. இது தெய்வச் செயல்தானே?
- வாசகர், கும்பகோணம்

பதில்: கும்பகோணத்துக்காரர் கேட்கிற கேள்வியா இது? ராமானுஜன் படித்த பள்ளிக்கூடமே உங்கள் ஊரில்தானே இருக்கிறது! அங்கே ஒரு சின்னப் பையனைக் கேளுங்கள். ‘மீச்சிறு பொது மடங்கு சார், இத்தனை எண்களாலும் வகுபடுகிற ஆகச் சிறிய எண்’ என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுவான். 8, 9, 5, 7 நான்கையும் பெருக்கினால் 2520. பத்துக்குள் மற்றதெல்லாம் இந்த நான்கில் அடக்கம். ‘ஒரே எண்’ என்பதும் புளுகு. 5040, 7560 என்று 2520-இன் மடங்குகள் அத்தனையும் அப்படி வகுபடும். வாரத்து நாளை மாதத்து நாளால் பெருக்கினால் என்ன கிடைக்கிறது என்பதை அனுப்பியவரிடமே கேளுங்கள். பிப்ரவரியையும் ஞாபகப்படுத்துங்கள்.

என் ஆத்திரம் வேறு. ராமானுஜன் உண்மையிலேயே இந்த வகை எண்களைத் துருவியவர். அதை ஒருவரும் ஃபார்வர்டு செய்வதில்லை. 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் உயர் பகு எண்களைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். தன்னைவிடச் சிறிய எண்கள் எல்லாவற்றையும் விட அதிக வகுத்திகள் (மீதியின்றி வகுக்கும் எண்கள்) கொண்டதுதான் உயர் பகு எண். 12-க்கு ஆறு வகுத்திகள். 60-க்குப் பன்னிரண்டு (ஒரு நாளை 60 நாழிகையாகப் பிரித்த நம் முன்னோர் கெட்டிக்காரர்கள்). 2520-க்கு 48. அதுவும் அந்த வரிசையில் ஓர் எண், அவ்வளவுதான்.

எண்ணைக் கண்டதோடு அவர் நிற்கவில்லை. அது எப்படி அமைந்திருக்கும் என்று காட்டினார். இப்படிப்பட்ட எண்ணைப் பகா எண்களாக உடைத்தால் 2-இன் அடுக்கைவிட (அது எத்தனை முறை வருகிறது என்பதைவிட) 3-இன் அடுக்கு அதிகமாக இருக்காது, அதைவிட 5-இன் அடுக்கு அதிகமாக இருக்காது, இப்படியே இறங்கும். கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும். விதிவிலக்கு 4, 36 இரண்டுக்கு மட்டும்.

கட்டுரையில் 102 எண்களின் பட்டியல் உண்டு. கடைசி எண் 67,46,32,83,88,800. ஆறே முக்கால் லட்சம் கோடிக்குக் கொஞ்சம் குறைவு, வகுத்திகள் 10,080. 2520 பத்தோடு நின்றுவிடுகிறது. இதுவோ 1 முதல் 28 வரை எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடும். கணினி இல்லாத காலத்தில் போட்ட கணக்கு ஐயா இது!

தெய்வச் செயலா என்றீர்களே. அந்தப் பட்டியலில் ஓர் எண் விட்டுப்போயிருக்கிறது: 2,93,31,86,25,600. தெய்வம் காதில் ஓதியிருந்தால் விட்டுப்போகுமா? தாளும் பேனாவுமாக உட்கார்ந்த மனிதருக்குத்தான் விட்டுப்போகும். அந்த எண்ணை 23-ஆல் பெருக்கினால் வருவது பட்டியலின் கடைசி எண்ணேதான். செல்போனை எடுத்துப் பெருக்கிப் பாருங்கள். வாட்ஸ்அப் அப்புறம்.